டோனாவூர் அம்மை ஏமி கார்மைக்கேல்



இயேசுவின் சீடர்னா யாரு? மேடையில பிரசங்கம் பண்றவங்க, ஊர் ஊராப் போய் ஊழியம் செய்றவங்கன்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஏமி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது.

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவர் கண்கள் பழுப்பு நிறம். சின்ன வயதில் நீலக் கண் வேணும்னு ஜெபம் பண்ணினாராம். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்! பாவம், ரொம்ப ஏமாந்து போனார்.

வாலிப வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வரும்போது, கந்தல் உடுத்திய ஒரு பாட்டி பெரிய மூட்டையோடு தள்ளாடி நடந்தார். ஏமியும் தம்பிகளும் மூட்டையை வாங்கிக்கொண்டு பாட்டியைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். எதிரே நல்ல உடுப்பு போட்ட பெரிய மனுஷங்க வந்ததும் ஏமிக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து வீட்டுக்குப் போய் வருந்தினார். மனுஷர் என்ன நினைப்பாங்கன்னு பார்த்து வாழக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக உழைத்தார்.

1895-இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தமிழ் படித்து, சேலை கட்டி, சில தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய் ஊழியம் செய்தார். நீலக் கண் கிடைக்காததும் நல்லதாப் போச்சு. பழுப்புக் கண் இருந்ததால் சேலை கட்டினால் நம்ம ஊர்க்காரங்க மாதிரியே தெரிந்தார்.

அந்தக் காலத்தில் சில சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போல் கல்யாணம் செய்து வாழ முடியாது. 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஏமி இருந்தபோது, அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்தாள். முன்பு ஒருமுறை ஓடிப்போய்ப் பிடிபட்டதற்காக அவள் கையில் சூடு போட்டிருந்தார்கள். ஏமி அவளை மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். 1904-க்குள் டோனாவூரில் 17 பிள்ளைகள்.

இங்கேதான் ஏமிக்குப் பெரிய சோதனை வந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போக முடியவில்லை. பால் காய்ச்சணும், பீத்துணி அலசணும், ராத்திரி விழித்திருக்கணும். பிரசங்கம் செய்ய வந்த நான் ஆயா வேலை பார்க்கலாமா, இது சரியா என்று அவரே யோசித்தார். இது கீழான வேலை என்று சொல்லி, உதவிக்கு வரத் தயங்கிய பெண்களும் உண்டு.

அப்போது இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய சம்பவம் அவர் நினைவுக்கு வந்தது. குருவே கால் கழுவினார் என்றால் சீடருக்கு எந்த வேலை கீழானது? அதற்குப் பிறகு ஏமிக்குச் சந்தேகம் வரவில்லை. அவருடன் இருந்த பொன்னம்மாள், மற்றவர்கள் மூக்கைப் பிடித்த வேலைகளை வாய் பேசாமல் முதலில் செய்து காட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. 1915-இல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தது ஏமிக்குப் பெரிய இழப்பு.

1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பிறகு மருத்துவமனையும் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஏமியை அம்மை என்றே கூப்பிட்டார்கள்.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அப்பவும் சும்மா இருக்கவில்லை. படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதைப் பார்க்க ஏமி உயிரோடு இருந்தார்.

1951 ஜனவரி 18 அன்று தன் 83-ஆம் வயதில் டோனாவூரில் இறந்தார். இந்தியா வந்த பிறகு ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை! தன் கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தார்கள்.

எங்க வீட்ல தம்பிக்குக் கால் கழுவிவிடச் சொன்னா, படிக்கணும்மான்னு சொல்லி நான் புத்தகத்தைத் தூக்கிட்டு ஓடிடுவேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமா இருக்கு. எந்த மதமா இருந்தாலும் பக்தி நம்ம கையில தெரியணும். இன்னைக்கு சாயந்திரம் தம்பி காலை நான்தான் கழுவப் போறேன். நீங்க என்ன செய்யப் போறீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவி