லிஸ்டர் பெருமகனார்

பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்கனுள் இறுதியில் வைக்கப்பட்டவனை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். உறுப்பறுத்துச் செய்யும் அறுவை மருத்துவத்திலோ அவன் இன்றியமையாதவன். கத்தியின் தொழில் சிறுபொழுதில் முடிந்துவிடும். கத்தி செய்த புண் ஆறுதற்கு நாள் பல வேண்டும். பிணியாளனுடைய உயிர் நிற்பதோ நீங்குவதோ பெரும்பாலும் அந்நாட்களிலேயே முடிவாகின்றது. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து, மருத்துவனும் அருகிருந்து பேணுவோனும் ஒருவரேயாக விளங்கியவர் ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கிலப் பெரியார். அவருடைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லிஸ்டர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த அப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் மது வணிகர். ஆயினும் ஓய்வு நேரத்தையெல்லாம் கண்ணாடி வில்லைகளை ஆராய்வதிற் செலவிட்டு, நுண்ணோக்குக் கருவியைத் திருத்தியமைத்து, ராயல் சொசைட்டியின் உறுப்பினராகும் பெருமை பெற்றவர். கண்ணுக்குப் புலனாகாத பொருள்களும் உலகில் உண்டு என்பதை மைந்தர் இளமையிலேயே தந்தையின் மேசையருகே கண்டறிந்தார். அக்குடும்பத்தினர் எளிய உடையும் அடக்கமான நடையுமுடைய குவேக்கர் சமயத்தினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பழம்பெருங் கழகங்களின் பட்டங்கள் அக்காலத்தில் அச்சமயத்தார்க்கு எட்டாதிருந்தமையால், லிஸ்டர் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜிற் சேர்ந்து 1847இல் கலைப்பட்டமும், 1852இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். இவ்விரண்டிற்கும் இடையே வைசூரி நோய் அவரைப் பற்றியது. அதன்பின் மனச்சோர்வு மிகுந்து, படிப்பையே நிறுத்திச் சிலகாலம் ஓய்ந்திருக்க நேர்ந்தது. நோய் நீங்கிய பின்னும் உடலும் உள்ளமும் தேறுதற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதை அவர் தம் வாழ்விலேயே அறிந்தார்.

1853இல் அவர் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகருக்குச் சென்று, ஜேம்ஸ் சைம் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பயின்றார். சில திங்கள் தங்கவே எண்ணிச் சென்றவர் ஆண்டுகள் பல அங்கேயே தங்கினார். 1856இல் ஆசிரியரின் மகளார் ஆக்னஸ் அம்மையாரை மணந்தார். வேறு சபையைச் சார்ந்த பெண்ணை மணப்பதற்காகத் தம் குவேக்கர் சபையை விட்டு நீங்கினார். ஆக்னஸ் அம்மையார் கணவருக்கு வாழ்க்கைத் துணையாக மட்டும் அமையவில்லை. அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தம் கைப்பட எழுதி, சோதனைகளில் உடனிருந்து உதவிய அறிவுத் துணையாகவும் அமைந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

அக்காலத்து மருத்துவமனைகளின் நிலையை நினைக்கவும் நெஞ்சு நடுங்கும். 1846இல் ஈதரும், 1847இல் குளோரோபாரமும் மயக்க மருந்துகளாக வழங்கலாயின. வலி நீங்கிற்று, ஆனால் மரணம் நீங்கவில்லை. கத்தியின் கீழ்ப் பிழைத்தவர் கட்டிலின்மேல் மாண்டனர். இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் எழும், புண் சிவந்து வீங்கிச் சீழ் வடியும், அழுகல் பரவும், குருதி நஞ்சாகும். நோயாளிக் கூடத்தின் நாற்றம் வாயிலிலேயே வந்து எதிர்கொள்ளும். சீழ் பிடித்தல் புண் ஆறுவதற்கு இயற்கையான வழியென்றே பெரும் புலவர்களும் எண்ணினர். மருத்துவர் குருதிக் கறை காய்ந்த பழைய மேலங்கியை அணிந்து, கழுவாத கருவிகளோடு ஒரு கட்டிலிலிருந்து மற்றொரு கட்டிலுக்குச் சென்றனர். கேட்டிற்குக் காரணம் கெட்ட காற்றே என்பது பலருடைய கொள்கை. பெரிய மருத்துவமனைகளை ஒழித்துச் சிறு குடில்களை அமைக்க வேண்டும் என்று குளோரோபாரத்தை வழங்கிய சிம்சன் அறிஞரே வற்புறுத்தினார்.

லிஸ்டர் 1860இல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அறுவை மருத்துவப் பேராசிரியராகி, மறு ஆண்டு அந்நகரத்து ராயல் மருத்துவமனையிற் பொறுப்பேற்றார். 1864, 1866 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கு அவர் கையோ காலோ துணித்த நோயாளர் 35 பேர். அவருள் இறந்தவர் 16 பேர். கைத்திறனில் குறைவில்லாத ஒருவர், தம்மை நம்பி வந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேரை இழந்தார். பிறர் இதனை விதியென்று கூறி அமைந்தனர். லிஸ்டருக்கோ அமைதி உண்டாகவில்லை.

1865இல் வேதிநூற் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் என்பவர், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிகளை அவருக்கு அறிவித்தார். பொருள்கள் புளிப்பதும் அழுகுவதும் காற்றினாலன்று, காற்றிற் கலந்து வரும் நுண்ணுயிர்களால் என்று பாஸ்டர் நிறுவியிருந்தார். புண் அழுகுவதும் இவ்வாறே ஆகலாம் என்று லிஸ்டர் துணிந்தார். பாஸ்டர் காட்டிய காய்ச்சுதல், வடிகட்டுதல் என்பன உயிருள்ள உடம்பிற்கு ஒவ்வா. ஆதலின் கிருமியைக் கொல்லும் மருந்தொன்றைத் தேடினார். கார்லைல் என்னும் ஊரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை அறிந்து, அதனையே கைக்கொண்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறி அவனது இடக்கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. இத்தகைய முறிவில் காலையே துணிப்பது அந்நாளைய வழக்கம். லிஸ்டர் துணிக்கவில்லை. கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியாற் புண்ணை மூடி, சிம்பு வைத்துக் கட்டிக் காத்திருந்தார். நான்காம் நாள் சிறுவன் புண் எரிகின்றது என்றான். மருத்துவர் அச்சத்தோடு கட்டை அவிழ்த்தார். சீழும் இல்லை, நாற்றமும் இல்லை. மருந்தின் காரத்தால் தோல் சற்றே சிவந்திருந்தது. அவ்வளவே. ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. சிறுவன் இரு காலோடும் வீடு திரும்பினான். துணித்தெறிவதற்குரியதாகக் கருதப்பட்ட அக்காலைக் காத்தது கத்தியன்று. காத்திருந்த நாட்களும், கட்டிய கட்டுமே.

1867இல் இதனினும் கடிய சோதனையொன்று வந்தது. அவருடைய தமக்கையார் இசபெல்லா அம்மையாருக்கு மார்பிற் புற்று தோன்றியது. பிற மருத்துவர் கைவிட்ட நிலையில் அம்மையார் தம்பியாரையே நாடினார். ஆராய்ந்து தெளிந்த பின்னரும், உடன்பிறந்தவர் உடம்பிற் கத்தி வைக்க எவர் மனந்தான் இசையும்? ஆயினும் ஜூன் திங்களில் தம் இல்லத்திலேயே லிஸ்டர் அவ்வறுவையைச் செய்து முடித்தார். புண் சீழ்ப்பிடியாமல் இனிது ஆறியது. நோய் மீண்டும் உள்ளுறுப்பிற் பரவி மூன்றாண்டுகளுக்குப் பின் அம்மையார் காலமானார். ஆயினும் அந்த மூன்றாண்டுகள் தம்பி தமக்கைக்கு அளித்த பரிசேயாம்.

அதே ஆண்டில் லிஸ்டர் தம் முறையைத் தொடர்கட்டுரைகளாக லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். பாராட்டினும் பழிப்பே மிகுதி. கார்பாலிக் அமிலத்தைப் பிறர் முன்னரே வழங்கினர் என்று சிலர் குற்றங் கூறினர். மருந்து புதிதென்று தாம் சொல்லவில்லை, கிருமியை விலக்கும் நெறியே தாம் சொல்வது என்று அவர் பொறுமையோடு விடையளித்தார். எண்களும் அவர் பக்கம் நின்றன. 1867 முதல் 1869 வரை உறுப்புத் துணிக்கப்பெற்றவர் 40 பேர். இறந்தவர் 6 பேரே. இவ்வளவும் நடந்த கூடம் எத்தகையது? 1849இல் வாந்திபேதியால் மாண்டவரின் சவப்பெட்டிகள், அக்கூடத்தின் சுவரை ஒட்டி, நிலத்தின்கீழ்ச் சில அங்குல ஆழத்திலேயே புதைந்து கிடந்தமை பின்னர்க் கண்டறியப்பட்டது. அத்தகைய இடத்திலும் புண்கள் தூய்மையாக ஆறின. கேட்டிற்குக் காரணம் காற்றே என்றவர்க்கு இதனினும் தக்க மறுப்பு வேறில்லை.

1869இல் லிஸ்டர் மாமனாருடைய பதவியை ஏற்று எடின்பரோவுக்கு மீண்டார். அங்கு 1873இல் வில்லியம் ஹென்லி என்னும் இளைஞர் அவரை அடைந்தார். எலும்புருக்கி நோயால் முன்னரே ஒரு காலை இழந்தவர். மற்றதனையும் துணிக்க வேண்டும் என்று பிறர் கூறியதனால், லிஸ்டர் ஒருவரே கதியென வந்தவர். ஏறக்குறைய 20 திங்கள் அவர் மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தார். விரைவில் துணித்து அனுப்பிவிடுதல் மருத்துவர்க்கு எளிது. லிஸ்டரோ சிறிது சிறிதாகப் புண்ணைத் தூய்மை செய்து, கட்டு மாற்றி, அக்காலைக் காத்தருளினார். அந்த நெடிய நாட்களில் ஹென்லி கவிஞரானார். மயக்க மருந்தின் மணம், உறக்கமில்லா இரவு, பக்கத்துக் கட்டிற் கிழவர், செவிலியர், தம் தலைமை மருத்துவர் ஆகிய யாவும் அவர் பாட்டிற்குப் பொருளாயின. 1875இல் அவரைக் காண வந்த ஆர். எல். ஸ்டீவன்சன் நெருங்கிய நண்பரானார். தம் புதினத்தில் ஒற்றைக்காற் கடற்கொள்ளைக்காரனைப் படைக்கும்போது ஹென்லியின் உரமே அவர் மனக்கண்முன் நின்றது. அவ்வாண்டு வசந்தத்தில் ஹென்லி தம் காலால் நடந்து வெளியேறினார்.

1877இல் லிஸ்டர் இலண்டன் கிங்ஸ் காலேஜிற்குச் சென்றார். தொடக்கத்தில் அவர் விரிவுரைக்கு வந்த மாணவர் மிகச் சிலர். ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில், உடைந்த முழங்காற் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியாற் பிணைத்து, நோயாளியை நலமுறச் செய்தார். மூட்டைத் திறத்தல் உயிருக்கு இறுதி என்று அஞ்சிய காலம் அது. தம் பிழையை ஒப்புக்கொள்ளவும் அவர் நாணவில்லை. காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லப் பல்லாண்டு தாம் பயன்படுத்திய மருந்துத் தெளிப்புக் கருவி வேண்டாதது எனக் கண்டதும் அதனைக் கைவிட்டார். 1890இல் பெர்லின் நகரத்து மாநாட்டிலே அதனைப் பலரறிய உரைத்தார். கிருமியைக் கொல்லுதலினும் அணுகாமற் காத்தலே நன்று என்னும் பின்னைய முறை, அவரிட்ட அடிப்படையின் மேலேயே எழுந்தது.

1893இல் இத்தாலி நாட்டில் ஆக்னஸ் அம்மையார் நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் லிஸ்டரின் உள்ளத்தில் பழைய உவகை இல்லை. 1895 முதல் 1900 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக வீற்றிருந்தார். 1897இல் பெருமகன் பட்டம் பெற்றார். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் வால்மர் என்னும் கடற்கரை ஊரில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் வழிபாடு நடந்தது. ஆயினும் அவர் உடல் அங்கு அடக்கப்படவில்லை. ஹாம்ஸ்டெட் இடுகாட்டில் மனைவியார் அருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

பெரியோர் புகழை அவர்தம் செயலின் ஆரவாரத்தால் அளக்கின்றோம். லிஸ்டரின் புகழோ ஆரவாரமற்றது. வீங்காத புண், எழாத காய்ச்சல், நிகழாத மரணம் ஆகியவையே அவர் நாட்டிய வெற்றித் தூண்கள். அறுவைக்குப் பின் மருத்துவமனைக் கட்டிலிற் படுத்திருக்கும் ஒருவன், நாலாம் நாட் காலை கட்டு அவிழ்க்கப்பெறுங்கால், புண் தூய்மையாக இருப்பதைக் கண்டு பெருமூச்சு விடுகின்றான். லிஸ்டர் என்னும் பெயரை அவன் கேட்டிராமலும் இருக்கலாம். கிளாஸ்கோவிலே ஒரு சிறுவன் காலருகே அச்சத்தோடு நின்ற அம்மருத்துவரின் காத்திருப்பே, அவனுக்கு இன்று ஆறுதலாய் வந்து வாய்க்கின்றது.