வாயில்தோறும் நடந்த மாலுமி

சென்ற மாதம் எமது பகுதிப் பாடசாலையொன்றின் கட்டிட நிதிச் சபைக் கூட்டத்துக்கு யானும் அழைக்கப்பட்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய கூட்டம் விளக்கு வைத்து நெடுநேரமாகியும் முடியவில்லை. எத்தனை அறைகள் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்பன கால்மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. எஞ்சிய பொழுதெல்லாம் போஷகராக யாரை வைப்பது என்னும் ஆராய்ச்சியிலேயே கழிந்தது. பெரிய மனிதர் ஒருவரின் பெயர் அழைப்பிதழின் தலையில் நின்றால் பணம் தானே வந்து சேரும் என்றனர் ஒரு சாரார். தோரணத்துக்கும் மாலைக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் செலவைக்கூட அப்பெயர் ஈடுசெய்யாது என்றனர் மறு சாரார். இரு பக்கத்திலும் என்னிடம் படித்தவர்கள் இருந்தமையால் யான் வாய் திறக்கவில்லை. எவர் போஷகரானாலும் வாழ்த்துப்பாவை இயற்ற வேண்டியவன் யானே என்பது மட்டும் ஏகமனதாக நிறைவேறிற்று.

வீடு திரும்பும் வழியில் தோமஸ் கோரம் என்னும் ஆங்கில மாலுமியின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. எமது சபையார் இரண்டு மணி நேரம் ஆராய்ந்த பொருளை அவர் இலண்டன் மாநகரின் வாயில்தோறும் நடந்து பதினேழு ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

கோரம் 1668ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் றீஜிஸ் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பதினொரு வயது கடந்த சில மாதங்களில் கப்பல் வேலைக்கு அனுப்பப்பட்டார். ஆகவே ஏட்டுக்கல்வி அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. பின்னர் கப்பல் கட்டும் தொழில் பயின்று, அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் குடியேற்ற நாட்டில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அத்தொழிலை நடத்தினார். பொஸ்ரன் நகரத்து யூனிஸ் என்னும் பெண்மணியை 1700இல் மணந்தார். நெஞ்சிற் பட்டதை மறையாது பேசும் இயல்பு அவருடையது. அவ்வியல்பு அங்கே பகையையும் வழக்குகளையும் தேடிக் கொடுத்தது. 1704 அளவில் தாயகம் மீண்டார். அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை.

தேம்ஸ் நதிக்கரையில் மாலுமிகள் வாழும் றொதர்ஹைத் என்னும் பகுதியில் அவர் குடியிருந்தார். வாணிகத்தின் பொருட்டு விடியற்காலையில் நகருக்கு நடந்து செல்வதும் இருட்டிய பின் திரும்புவதும் அவர் வழக்கம். அவ்வழியோரங்களிலே, குப்பை மேடுகளின் அருகிலே, பெற்றவர்களால் விடப்பட்ட குழந்தைகளை அவர் கண்டார். சில இறந்து கிடந்தன, சில இறந்துகொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கண்டு கடந்து சென்ற காட்சிதான் அது. கோரத்தால் கடந்து செல்ல முடியவில்லை. இத்தகைய குழந்தைகளை ஏற்று வளர்க்கும் இல்லமொன்றை அரசரின் ஆணையோடு நிறுவவேண்டும் என்று 1722இல் முயற்சி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

நல்ல நோக்கந்தானே, பணமுள்ளவர்கள் கொடுத்திருப்பார்களே என்று நாம் எண்ணுவோம். அவர்கள் கொடுக்கவில்லை. கருமித்தனம் ஒன்றே அதற்குக் காரணமன்று. மணமாகாதவர்க்குப் பிறந்த பிள்ளைகளை ஊரார் பணத்தில் வளர்த்தால் ஒழுக்கக்கேடு பெருகும் என்பது அக்காலத்தார் துணிபு. அத்தகைய அறத்துக்குப் பெயர் கொடுப்பவனின் ஒழுக்கத்தையே ஊர் ஐயுறும். பணத்தை இழக்கத் துணிந்தவர்களும் பெயரை இழக்கத் துணியவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன; கோரத்தின் கையில் ஓர் ஒப்பமும் விழவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. ஆடவரை விட்டு, உயர்குலப் பெண்டிரை நாடினார். எவராலும் ஐயுற முடியாத நற்பெயருடைய சீமாட்டிகள் கையொப்பமிட்டால், அக்கையொப்பம் அறத்தின் மீது படிந்திருந்த நாணத்தைத் துடைத்துவிடும் என்று கணித்தார். 1729இல் சமர்செற் கோமகனின் துணைவியார் முதலாவதாக ஒப்பமிட்டார். ஒருவர் இட்டதும் மற்றவர்களுக்குத் துணிவு பிறந்தது. ஆறாண்டுகளில் இருபத்தொரு சீமாட்டிகளின் ஒப்பங்கள் சேர்ந்தன. அவ்விண்ணப்பம் 1735இல் இரண்டாம் ஜோர்ஜ் அரசரிடம் சமர்ப்பிக்கப்பட்டது. கரோலின் அரசியாரும் பாரிஸ் நகரில் இத்தகைய இல்லம் நடைபெறும் முறையைப் பற்றி ஆர்வத்தோடு விசாரித்தார். ஆயினும் 1737இல் அவர் காலமானார்.

எல்லா வாயில்களும் திறந்தன என்று எண்ணற்க. அதே 1737ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட குழந்தைகளைக் கிறித்தவர் நினைவுகூரும் திருநாளில், அமேலியா இளவரசியாரிடம் விண்ணப்பத்தைக் கொடுக்க அவர் சென் ஜேம்ஸ் மாளிகைக்குச் சென்றார். இளவரசியாரின் அணுக்கத் தோழியாகிய சீமாட்டி ஒருவர் அவரைக் கடுஞ்சொற் கூறித் துரத்திவிட்டார். கோரம் அந்நிகழ்ச்சியை அதே விண்ணப்பத்தாளில் நாளிட்டுக் குறித்து வைத்தார். புரவலன் வாயிலில் நின்று வாயிற்காவலனிடம் மனம் நொந்த புலவர்களை நம் சங்க இலக்கியத்திற் கண்டிருக்கிறோம். அவர்கள் தம் பசிக்காக நின்றவர்கள். இம்மாலுமியோ பெயரறியாப் பிள்ளைகளின் பசிக்காக, அறுபத்தொன்பது வயதில், பனிக்காலத்தில் நடந்து சென்று நின்றவர்.

1739ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள் அரச பட்டயம் கிடைத்தது. பெட்போர்ட் கோமகன் தலைவரானார். பரிபாலகர்களாகப் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர். கோமகன்களும் பிரபுக்களும் வணிகச் செல்வரும் அவர்களுள் அடங்குவர். கூடி வேலை செய்தவர்கள் அவர்களுள் ஒரு சிறு தொகையினரே. இஃது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான இலக்கணம் போலும்.

பெரியோர் பெயரால் விளைந்தது யாது? என் எண்ணத்தில், அது முதலிற் கொணர்ந்தது பணமன்று. பணம் கொடுக்க விரும்பியவர்கள் வெட்கமின்றிக் கொடுக்கலாம் என்னும் நிலையையே அது கொணர்ந்தது. பட்டயமோ அந்த இல்லத்தைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக்கிற்று. காணி வாங்கவும் மரணசாசனக் கொடைகளை ஏற்கவும் உரிமை தந்தது. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் கோரம் தெருத்தெருவாக நடந்து சில நூறு பவுண்களைச் சேர்த்திருக்கலாம். ஆயின் அவர் மறைந்ததும் இல்லமும் மறைந்திருக்கும்.

1741ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, ஹற்றன் கார்டின் என்னுமிடத்தில் வாடகை வீடொன்றில் இல்லம் திறக்கப்பட்டது. கொண்டுவரும் தாயரின் முகம் தெரியாதிருக்க வாயில் விளக்கு அணைக்கப்பட்டது. நள்ளிரவுக்குள் முப்பது குழந்தைகள் நிறைந்துவிட்டன, மேலும் இடமில்லை. திருப்பி அனுப்பப்பட்ட தாயரின் அழுகையும் பிள்ளையை விட்டுப்போன தாயரின் அழுகையும் பிரித்தறிய முடியாதபடி தெருவில் ஒலித்தன. மறு ஆண்டு முதல் தாய்மார் ஒரு பையினுள் கைவிட்டு உருண்டை எடுக்கும் முறை ஏற்பட்டது. வெள்ளை உருண்டை வந்தால் பிள்ளை ஏற்கப்படும். கறுப்பு வந்தால் திரும்ப வேண்டியதுதான். சிவப்பு வந்தவள் காத்திருக்க வேண்டும்.

முதலில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுள் ஓர் ஆணுக்குத் தோமஸ் கோரம் என்றும் ஒரு பெண்ணுக்கு யூனிஸ் கோரம் என்றும் பெயரிட்டனர். யூனிஸ் அம்மையார் அதைக் காணாது முந்திய ஆண்டே மறைந்திருந்தார். வேறு பல பிள்ளைகளுக்குக் கோமகன்களின் பெயர்கள் வழங்கப்பட்டன. அப்பிள்ளைகள் சிலர் வளர்ந்தபின் அப்பெயரைக் காட்டி உறவு கொண்டாடத் தொடங்கியதால் வழக்கம் கைவிடப்பட்டது என்பர். பெயரைக் கொடுப்பது எளிது. அப்பெயர் வீட்டு வாயிலில் வந்து நிற்பது வேறு காரியமல்லவா?

1742இல் கோரத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல மனம் கூசுகிறது. பரிபாலகர் இருவரின் நடத்தையைப் பற்றி எழுந்த வதந்தியை அவர் பரப்பினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த தெரிவின்போது நிர்வாகக் குழுவில் அவர் பெயர் இல்லை. தாம் பெற்றெடுத்த இல்லத்தின் ஆட்சியில் அவருக்கு அதன்பின் இடமில்லாது போயிற்று. பெரியோரை உள்ளே அழைத்து வந்தவர் வெளியே நின்றார்.

என் குற்றமொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மண்டபமொன்றின் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வாசகம் எழுதித் தருமாறு என்னைக் கேட்டனர். போஷகர், தலைவர், உபதலைவர் அனைவரையும் அடைமொழிகளோடு அமைத்துக் கொடுத்தேன். பழைய குடையொன்றோடும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடும் மூன்று ஆண்டுகள் வீடுவீடாகத் திரிந்து ஐந்தும் பத்துமாகப் பெரும்பகுதிப் பணத்தைச் சேர்த்தவர் ஒரு முதியவர். அவர் பெயரை எவரும் எனக்குத் தரவில்லை, யானும் கேட்கவில்லை. விழாவன்று அவர் பின்வரிசையில் இருந்தார். கூட்டம் கலைந்தபின் கல்லின் முன் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

கோரத்தை மறவாதவர் ஓவியர் வில்லியம் ஹோகாத். 1740இலேயே அவர் கோரத்தை ஆளுயரப் படமாக வரைந்து இல்லத்துக்குக் கொடுத்திருந்தார். அரசர்களையும் பிரபுக்களையும் வரையும் முறையில், தூணும் திரைச்சீலையும் சூழ, இம்மாலுமி அமர்ந்திருக்கிறார். கையிலே பட்டயத்தின் முத்திரை. தலையிலே பொய்ம்முடி இல்லை; சொந்த நரைமயிர். குட்டையான கால்கள் நிலத்தை அரைகுறையாகவே தொடுகின்றன. ஹோகாத் தம் நண்பர்களாகிய ஓவியரையும் படங்கள் அளிக்கச் செய்தார். அவற்றைக் காண நாகரிக உலகம் இல்லத்துக்கு வரத் தொடங்கியது. வந்தவர்கள் பிள்ளைகளையும் கண்டனர். 1750இல் தம் படமொன்றை அதிட்டலாபச் சீட்டு மூலம் விற்ற ஹோகாத், விலைபோகாத சீட்டுகளை இல்லத்துக்குக் கொடுத்தார். பரிசும் இல்லத்துக்கே விழுந்தது.

இசைமேதை ஹண்டெல் செய்தது இதனினும் பெரிது. 1749இல் கட்டி முடியாத தேவாலயத்தில் அவர் நடத்திய கச்சேரிக்கு வேல்ஸ் இளவரசரும் துணைவியாரும் வந்தனர். அரசரும் அத்திருப்பணிக்கு 2,000 பவுண் அளித்தார். மறு ஆண்டு மே முதலாம் நாள் மெசையா என்னும் தம் சமய இசைத்தொடரை அங்கே நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். சீட்டு வாங்கியவர்கள் சிலரே இடமின்றித் திரும்ப நேர்ந்தமையால் இரண்டு வாரத்தில் மீண்டும் நடத்தப்பட்டது. பின்னர் ஆண்டுதோறும் நடந்த இந்நிகழ்ச்சியால் இல்லத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7,000 பவுண். இதில் ஒரு வியப்பு உண்டு. மெசையாவை இலண்டன் மக்கள் முன்னர் அவ்வளவாக விரும்பியதில்லை. இப்பிள்ளைகளுக்காக அது பாடப்பட்ட பின்னரே அவர்கள் நெஞ்சில் இடம்பிடித்தது. புகழ் அறத்துக்கு உதவியது போல அறமும் புகழுக்கு உதவிற்று. ஹண்டெல் பெயரை மட்டும் கடன் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கவில்லை, உழைப்பைக் கொண்டுவந்தார். 1759இல் இறக்கும்போது அவ்விசைத்தொடரின் பிரதியொன்றையும் இல்லத்துக்கு எழுதி வைத்தார்.

இவ்வளவு செல்வம் குவிந்த காலத்தில் கோரம் வறியவராயிருந்தார். தமக்கென அவர் எதுவும் சேர்த்து வைக்கவில்லை. நண்பர்கள் அவருக்காகப் பணம் திரட்ட எண்ணி, அவர் மனம் புண்படுமோ என்று அஞ்சிக் கேட்டனர். தம் சிறுபொருளைத் தற்போகத்திலும் வீண்பகட்டிலும் செலவிடாதபடியால் முதுமையில் ஏழை என்று ஒப்புக்கொள்ள வெட்கமில்லை என்பதே அவர் மறுமொழியின் கருத்து. 1749இல் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்பாடாயிற்று; வேல்ஸ் இளவரசரும் ஆண்டுக்கு இருபது கினி கொடுத்தார். பழைய செந்நிற மேலங்கியோடு இல்லத்தின் வளைவு மண்டபத்தில் அமர்ந்து, கண்ணீர் வழியப் பிள்ளைகளுக்கு இஞ்சி சேர்த்த இனிப்பு ரொட்டியைப் பகிர்ந்து கொடுக்கும் கிழவரை வருவோர் கண்டனர். 1751ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் அவர் காலமானார். அத்தேவாலயத்தின் நிலவறையில் முதலாவதாக அடக்கம் செய்யப்பட்டவர் அவரே.

பிற்கதை ஒன்று உண்டு. 1756இல் பாராளுமன்றம் 10,000 பவுண் வழங்கி, வரும் பிள்ளைகள் அனைவரையும் ஏற்குமாறு பணித்தது. பெரிய பெயர்களுள் எல்லாம் பெரிய பெயர் அது. பெரிய கொடையும் அதுவே. வாயிலிலே கூடை ஒன்று தொங்கவிடப்பட்டது. முதல் நாளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தன. நான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை ஏறத்தாழ 15,000. பாலூட்டும் செவிலியர் போதவில்லை. தொலைவிலிருந்து கூடைகளிற் கொண்டுவரப்பட்டவை பல வழியிலேயே நலிந்தன. தொழில் பழகும் வயதுவரை உயிர் பிழைத்தவை 4,400 அளவே. 1760இல் பாராளுமன்றம் கையை விட்டுவிட்டது. இல்லம் மீண்டும் தன்னால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் ஏற்று நடந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இல்லம் இலண்டனை விட்டு நீங்கிற்று. அது நின்ற நிலம் இன்று கோரத்தின் பெயரால் சிறுவர் விளையாட்டுத் திடலாக விளங்குகிறது. பிள்ளையொன்றை உடனழைத்து வராத பெரியவர் எவரும் அதனுள் நுழைதல் கூடாது என்பது அங்குள்ள விதி.

எமது சபையின் அடுத்த கூட்டம் வரும் போயா விடுமுறையன்று. பற்றுச்சீட்டுப் புத்தகங்களை யார் யார் எடுத்துச் செல்வது என்பதை முதலாவது விடயமாக வைக்குமாறு செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். வாழ்த்துப்பாவை இன்னும் தொடங்கவில்லை.