நிழலுக்காக ரோடு போட்ட ராணி... மங்கம்மாளை உங்களுக்குத் தெரியுமா?

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் தாண்டி பைக்ல போயிருக்கீங்களா? தீபாவளிக்கு சிவகாசியில பட்டாசு வாங்கப் போறவங்களுக்கு இந்த ரூட் அத்துப்படி. கரிசல் காடு, சுள்ளுனு அடிக்கிற வெயில், வண்டியை நிறுத்தலாம்னா ஒரு மரம் கிடைக்காது. 300 வருஷத்துக்கு முன்னாடி இந்தச் சீமையில நடந்தே போனவங்களைப் பத்தி ஒரு ராணி யோசிச்சாங்க. அவங்க பேர் மங்கம்மாள்.

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. 1682-ல் கணவர் இறந்தப்போ, மகனுக்கு வயசு பத்தாததால உடன்கட்டை ஏறாம உயிரோட இருந்தாங்க. அந்த மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பரும் 1689-ல் அம்மை நோயில் இறந்துட்டார். கர்ப்பமா இருந்த மருமகள், குழந்தை பிறந்த கொஞ்ச நாள்ல உயிரை விட்டாங்க. மிச்சம் இருந்தது கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதன் மட்டும்தான். அவனைச் சிம்மாசனத்துல உட்கார வெச்சு, அவன் சார்பா சுமார் 15 வருஷம் ஆட்சி பண்ணினது பாட்டி மங்கம்மாள்.

காலம் லேசுப்பட்டது இல்லை. வடக்கே ஔரங்கசீப்பின் படை. அதை எதிர்த்து அழியறதைவிட கப்பம் கட்டி நாட்டைக் காப்பாத்துறது மேல்னு முடிவெடுத்தாங்க. அதே ராணி, திருவிதாங்கூர் மேல படையும் அனுப்பினாங்க.

ஆனா, ஜனங்க ஞாபகத்துல நின்னது போர் இல்லை, ரோடு. மதுரையிலிருந்து கன்னியாகுமரி பக்கம் போற பழைய பாதைக்கு மங்கம்மாள் சாலைனே பேர். தென் மாவட்டங்கள்ல பல இடத்துல அந்தப் பேர் இன்னும் புழக்கத்துல இருக்கு. சாலையோரம் மரங்கள், குடிக்கக் கிணறு, தங்கச் சத்திரம்... நடந்து போறவங்களுக்கு என்னென்ன தேவையோ அத்தனையும் அதுல இருந்துச்சு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை நீங்களே பார்த்திருப்பீங்க.

ஏன் இவ்வளவு தர்மம்? ஊர்ல ஒரு கதை உண்டு. ஒருநாள் ஞாபகமறதியா இடது கையால வெற்றிலை போட்டுட்டாங்களாம். அந்தப் பாவம் தீரத்தான் சாலையும் சத்திரமும்னு சொல்வாங்க. ஒரு பொண்ணு நல்லா நிர்வாகம் பண்ணினா, அதுக்குக்கூட ஒரு தப்பைக் காரணமா தேடியிருக்கு ஊர்! பேரனுக்கு அதிகாரம் வந்த நேரத்துல அவங்க சிறையில பட்டினியா இறந்தாங்கன்னும் ஒரு கதை இருக்கு. 1706 வாக்கில் அவங்க காலம் முடிஞ்சது.

இப்போ அந்த நிழல் எங்கே? ரோட்டோரப் புளியமரங்களுக்கு நம்பர் எழுதி, கறுப்பு வெள்ளை பட்டை அடிச்சு, வருஷா வருஷம் புளியை ஏலம் விட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. மதுரை - கன்னியாகுமரி நெடுஞ்சாலை நாலு வழியானப்போ பெரிய மரங்கள் ஏகப்பட்டது போயிடுச்சு. பயண நேரம் குறைஞ்சது நிஜம்தான். நடுவுல அரளிச் செடி வெச்சாங்க. அதுல யாரும் ஒதுங்க முடியாது.

அமெரிக்காவுல 1991-ல் தொடங்கின ஒரு திட்டத்துல சில சாலைகளைத் தேர்ந்தெடுத்து, 'அழகுச் சாலை'னு அரசே அறிவிக்குது. இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு, கண்ணுக்கு அழகு... இந்த 6-ல ஒண்ணாவது இருக்கணும். நார்வேயில இப்படி 18 சாலைகள். பேர் வெச்சதும் டூரிஸ்ட் வர்றாங்க, வழியில இருக்கிற ஊருக்கு வருமானம் வருது. அதனால அந்த அழகைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது. நம்ம நாட்டுல 2015-ல் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை வந்தது. அது புதுசா நடறதைப் பத்தி நிறைய பேசுது. ஆனா, 6 மாசக் கன்னு, பாட்டன் காலத்துப் புளியமரத்துக்கு ஈடாகுமா?

நம்ம சாலைக்குத் தகுதி இல்லையா என்ன? ராணியோட வரலாறு இருக்கு. சாத்தூர் சேவு, விருதுநகர் புரோட்டா இருக்கு. கொஞ்சம் மேற்கே திரும்பினா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், சாம்பல் நிற அணில் வாழும் மலையும் இருக்கு. மிச்சமிருக்கிற பழைய சாலைத் துண்டுகளையும் மரங்களையும் கணக்கெடுத்து, மங்கம்மாள் சாலைனு ஒரு போர்டு வெச்சா, அடுத்த தடவை ரோட்டை அகலப்படுத்த வர்றவங்க கொஞ்சம் யோசிப்பாங்க.

அதுவரைக்கும் நீங்க ஒண்ணு பண்ணலாம். அவசரம் இல்லாத நாள்ல பைபாஸை விட்டு இறங்கி, ஊருக்குள்ள போற பழைய ரோட்டைப் பிடிங்க. மரம் இருந்தா நிறுத்தி, தண்ணி குடிச்சுட்டுப் போங்க.