வேட்டைக்காரர் எழுதிய சாட்சியம்

ஓர் உயிரைக் கொல்வதற்கும் அதன் உடலை நன்கு அறிந்திருக்க வேண்டும். நெஞ்சுக்கூடு எங்கே தொடங்குகிறது, நுரையீரல் எவ்வளவு தாழ்வாக அமைந்திருக்கிறது, எந்த எலும்பு குண்டைத் தடுத்துவிடும் என்பனவெல்லாம் வேட்டைக்காரன் கற்றாக வேண்டிய பாடங்கள். அப்பாடங்களை ஐயந்திரிபறக் கற்று, அவற்றையே சான்றாகக் கொண்டு வட அமெரிக்கக் காட்டெருமை அழிந்த வரலாற்றை எழுதியவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே. அவ்விலங்கு இன்றும் புல்வெளிகளில் மேய்ந்து திரிவதற்குக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர்.

ஹார்னடே 1854ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இந்தியானா மாநிலத்தில் பிறந்து, அயோவாவில் வளர்ந்தார். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். இறந்த விலங்குகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உயிருள்ளவை போல நிறுத்திக் காட்டும் பாடஞ்செய்யும் கலையில் அவர் மனம் ஈடுபட்டது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அக்கலைக்குப் பெயர் பெற்றிருந்த வார்டு நிறுவனத்தில் பணியேற்றார். அந்நிறுவனம் அவரை 1876இல் விலங்குகளைத் திரட்டி வரும்படி கீழை நாடுகளுக்கு அனுப்பியது.

அப்பயணமே அவரைத் தமிழ் நிலத்துக்கும் கொண்டுவந்தது. 1877ஆம் ஆண்டில் நீலகிரிச் சாரலிலும் ஆனைமலைக் காடுகளிலும் மலைவாழ் மக்களைத் தடம் காட்டும் துணைவராகக் கொண்டு யானை, புலி, காட்டுமாடு முதலியவற்றை வேட்டையாடினார். சங்கப் புலவர் ஆமா என வழங்கிய காட்டுமாட்டையும் அன்றைய ஆங்கில வேட்டைக்காரர் பைசன் என்றே அழைத்தனர். அமெரிக்கக் காட்டெருமைக்கு உரிய பெயரும் அதுவே. பெயரால் ஒன்றுபட்ட இவ்விரு விலங்குகளையும் துப்பாக்கியுடன் எதிர்கொண்ட சிலருள் ஹார்னடேயும் ஒருவர். இப்பயண அனுபவங்களை அவர் 1885இல் நூலாக வெளியிட்டார்.

1882இல் வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தின் தலைமைப் பாடஞ்செய்வோராக நியமிக்கப்பெற்றார். 1886இல் அங்கிருந்த காட்டெருமைத் தோல்களையும் எலும்புகளையும் கணக்கிட்டபோது, ஒழுங்கான மாதிரி ஒன்றுகூட இல்லை என்பதை உணர்ந்தார். மேற்கு மாநிலங்களில் உள்ளோர்க்குக் கடிதங்கள் எழுதி விசாரித்தார். கிடைத்த மறுமொழிகள் அவரைத் திடுக்கிடச் செய்தன. இலட்சக்கணக்கில் திரிந்த விலங்கு ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. எஞ்சியவையும் அழிவதற்குள் சிலவற்றைக் கொன்றேனும் காத்துவைக்க வேண்டும் என்னும் விந்தையான முடிவுக்கு அவர் வந்தார். கொல்வதும் காப்பதும் ஒரே கையின் வேலையாயிற்று.

அவ்வாண்டு மே மாதம் மான்டானாப் பகுதிக்குச் சென்றார். அது காட்டெருமைகள் உரோமம் உதிர்க்கும் பருவமாதலால் தோல் பயன்படாது என்று கண்டு திரும்பி, இலையுதிர் காலத்தில் மீண்டும் சென்றார். டிசம்பர் 6ஆம் நாள் தோள் உயரம் 5 அடி 8 அங்குலம் கொண்ட கிழக் கடா ஒன்று அவர் குண்டுக்கு இலக்காகியது. காயமுற்றும் வீழாமல் நின்ற அதனைக் குதிரை மீதிருந்தபடியே அவர் நெடுநேரம் பார்த்தார். ஆனைமலை யானையையும் புலியையும் கண்டவர், அவற்றினும் இதுவே கம்பீரமானது என்று கருதினார். வாழ்நாளில் எவ்வுயிரையும் கொல்லும்போது தோன்றாத தயக்கத்துடன் அதன் நுரையீரலில் மீண்டும் சுட்டார். கடா சாய்ந்தது.

தோலை உரித்தபோது, அவ்வுடலில் அவர் சுடாத குண்டுகள் நான்கு கிடைத்தன. அவை வெவ்வேறு அளவின. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து பாய்ந்தவை. ஒன்று இடுப்பு முதுகெலும்பில் பதிந்தே இருந்தது. அப்பயணத்தில் வீழ்த்திய வளர்ந்த கடாக்களுள் பெரும்பாலானவை இவ்வாறு பழைய ஈயத்தைச் சுமந்தே திரிந்திருந்தன. பன்முறை தப்பிய உயிர்களே எஞ்சியிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இக்குண்டுகளின் கதையை 1889இல் வெளிவந்த காட்டெருமை அழிவு பற்றிய நூலில் ஹார்னடே விரித்துரைத்தார். வேட்டைத் தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய நூல் அது. 1870களின் தொடக்கத்தில் காட்டெருமைத் தோலைப் பதனிட்டு வலிய தோற்பொருளாக்கும் முறை கைவந்தது. ஆலைப் பொறிகளின் பட்டைகளுக்கு அத்தோல் வேண்டப்பட்டது. இருப்புப்பாதையும் மேற்கே நீண்டது. வேட்டை அன்று முதல் கூலித் தொழிலாயிற்று.

அத்தொழிலுக்கேற்ற துப்பாக்கியும் தோட்டாவும் வந்தன. ஷார்ப்ஸ் துப்பாக்கி அவற்றுள் பெயர் பெற்றது. 0.45 அங்குலக் குழலில் சுமார் 32 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை, 6 முதல் 8 கிராம் வரையிலான கருமருந்து உந்தித் தள்ளும். இலேசான குண்டு தடித்த தோலையும் சடை உரோமத்தையும் கடந்து ஆழச் செல்லாது. கனத்த குண்டோ தொலைவிலும் வலிமை குன்றாது. தோட்டாவின் விலை வருவாயைத் தின்றுவிடும் என்பதால், வேட்டைக்காரர் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வாங்கி, சுட்ட பித்தளை உறைகளையே மீண்டும் நிரப்பிக்கொண்டனர்.

குண்டு படும் இடமே எல்லாவற்றினும் முக்கியம். காட்டெருமையின் திமில் உயர்ந்து நிற்பதால், உடலின் நடுவே குறிவைப்பவன் உயிர்நிலைக்கு மேலாகச் சுட்டுவிடுவான். இதயமும் நுரையீரலும் முன்னங்காலின் பின்புறமாகத் தாழ்ந்தே உள்ளன. நெற்றியின் தடித்த எலும்பும் அடர்ந்த சடையும் குண்டை மழுங்கச் செய்யும். இதயத்தில் அடிபட்ட விலங்கு பாய்ந்தோடி மந்தையைக் கலைத்துவிடும். நுரையீரலில் அடிபட்டதோ மூக்கில் குருதி வழிய நின்ற இடத்திலேயே தளரும். எனவே காற்றெதிர்த் திசையில் மறைந்திருந்து, மந்தையை வழிநடத்தும் முதிய பசுவின் நுரையீரலை முதலில் குறிவைத்தனர். தலைவி நின்றதும் மற்றவையும் நின்றன. குருதியை மோந்து திகைத்துச் சுற்றிவந்தன. அடுத்து நகர முயன்ற ஒவ்வொன்றும் வீழ்ந்தது. கூடி வாழும் இயல்பே அவற்றிற்குக் கூற்றாயிற்று.

இத்தகைய தேர்ச்சி எல்லோர்க்கும் வாய்க்கவில்லை. வயிற்றில் சுடப்பட்டவை தொலைவில் சென்று மடிந்தன. உரிக்கத் தெரியாதவர் கையில் தோல்கள் பாழாயின. 1872 முதல் 1874 வரை தென்பகுதியில் வெள்ளையர் கொன்றவை 30 இலட்சத்துக்கும் மேல் என்றும், அவற்றுள் பாதிக்கு மேல் எவர்க்கும் பயனின்றி அழுகின என்றும் ஹார்னடே கணித்தார். உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் அவ்விலங்கையே நம்பியிருந்த சமவெளிப் பழங்குடியினர் பட்டினியில் வீழ்ந்தனர். 1889 தொடக்கத்தில் எஞ்சியவை, அடைபட்டிருந்தவற்றையும் சேர்த்து, 1,091 மட்டுமே என்பது அவரது கணக்கு.

எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. தேசிய விலங்குப் பூங்கா தோன்றுவதற்குப் பாடுபட்டார். 1896இல் நியூயார்க் விலங்குப் பூங்காவின் இயக்குநராகி, 1926 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1905இல் அமெரிக்கக் காட்டெருமைச் சங்கம் அமைந்தபோது அதன் தலைவரானார். 1907இல் நியூயார்க்கில் வளர்த்த 15 காட்டெருமைகள் இரயிலில் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப்பகுதிக்கு அனுப்பப்பெற்றன. தோல்களைக் கிழக்கே சுமந்த இருப்புப்பாதை, உயிருள்ள விலங்குகளை மேற்கே சுமந்தது.

அவர் வாழ்வில் மறைக்கலாகாத கறையும் உண்டு. 1906இல் கொங்கோ நாட்டு ஓட்டா பெங்கா என்னும் மனிதரைத் தம் பூங்காவின் குரங்குக் கூடத்தில் காட்சிப்பொருளாக வைத்தார். கறுப்பினச் சமயப் பெரியோர் கண்டித்தபோதும் அவர் தம் செயலை நியாயப்படுத்தினார். ஓட்டா பெங்கா 1916இல் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். பூங்காவை நடத்தும் அமைப்பு 2020இல்தான் இதற்காக மன்னிப்புக் கோரியது. விலங்கின் துயரை உணர்ந்த நெஞ்சு மனிதரின் துயரை உணரத் தவறியது. அவரைப் போற்றும் எவரும் இதனையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

ஹார்னடே 1937ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மறைந்தார். மான்டானாவிலிருந்து கொண்டுவந்த விலங்குகளுள் ஆறினைப் பாடஞ்செய்து, அந்நிலத்து மண்ணும் புல்லும் சூழ அவர் 1888இல் அமைத்த காட்சி, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் வாஷிங்டனில் இருந்தது. 1957இல் அதனைப் பிரித்தபோது, அடியில் புதைத்திருந்த சிறு பெட்டியில் அவர் கைப்படப் பின்வருவோர்க்கு எழுதிய கடிதம் கிடைத்தது. கிழக் கடாவையும் இளம்பசு ஒன்றையும் ஓராண்டுக் கன்று ஒன்றையும் கொன்றவர் தாமே என்று அதில் எழுதியிருந்தார். தாம் மண்ணாகிப் போன பின்னும் அவை சிதையாமல் காக்கவேண்டும் என்று வேண்டியிருந்தார். மன்னிப்பு எதையும் அவர் அதில் கேட்கவில்லை. அவ்விலங்குகள் இன்று மான்டானாவின் ஃபோர்ட் பென்டன் நகரில், அவை பிறந்த மாநிலத்திலேயே நிற்கின்றன.