நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதி: கலையை ஏற்றுக் கலைஞரை ஒதுக்கிய சமூகம்

ஒரு கலையைப் போற்றிக்கொண்டே அக்கலையைக் காத்து வந்தவர்களைத் தூற்றுவது மனித சமூகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் தோலின் நிறம் பார்த்து மேடை மறுக்கப்பட்டது. நம்மவர் மத்தியில் பிறந்த குலம் பார்த்து மறுக்கப்பட்டது. அளவுகோல்கள் வேறு, அநீதி ஒன்றே. இவ்விரு வரலாறுகளும் ஒரே மலைச்சாரலில், ஒரே கோடை விழாவின் மேடையில் சந்தித்துக்கொண்டன என்பதைப் பலர் அறியார். அச்சந்திப்பின் ஒரு புறத்தில் நிற்பவர், பரதநாட்டிய உலகின் ஈடிணையற்ற கலைஞரான டி. பாலசரஸ்வதி அம்மையார்.

பாலசரஸ்வதி 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி சென்னையில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் இசையும் நாட்டியமும் வளர்த்தவர்கள். பாட்டியார் வீணை தனம்மாள், தென்னாட்டு இசை வல்லுநர்கள் தேடி வந்து செவிமடுத்த மேதை. தாயார் ஜெயம்மாள் சிறந்த பாடகி. தம்பியரான ரங்கநாதன் மிருதங்கத்திலும் விஸ்வநாதன் புல்லாங்குழலிலும் புகழ் பெற்றவர்கள். இத்தகைய குடும்பத்தில் இசை என்பது பாடமாகக் கற்பிக்கப்படுவதில்லை. அது மூச்சுக் காற்றோடு கலந்து உள்ளே செல்வது.

ஆயினும் சிறுமி நாட்டியம் பயில விரும்பியபோது வீட்டிலேயே தயக்கம் எழுந்தது. சதிர் என்று அன்று அழைக்கப்பட்ட அந்நாட்டியத்தை ஆடும் பெண்கள் ஏளனத்துக்கு உள்ளாகிய காலம் அது. அத்தயக்கத்தையும் மீறி, தஞ்சை நால்வரின் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் பாலசரஸ்வதி ஒப்படைக்கப்பட்டார். ஆசான் மிகுந்த கண்டிப்பு உடையவர். அடவு ஒன்று சரியாக அமையும் வரை அடுத்ததற்குச் செல்ல அனுமதிக்கமாட்டார். 1925ஆம் ஆண்டு, ஏழாவது வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

அந்தச் சிறுமி எத்தகைய காலத்தில் சலங்கை கட்டினாள் என்பதை இங்கு விளக்குவது அவசியம். தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1920களின் இறுதியில் சென்னைச் சட்டசபையில் அதற்காகப் போராடினார். அறியாப் பருவத்துச் சிறுமியர் பொட்டுக்கட்டப்பட்டுச் செல்வந்தரின் சுரண்டலுக்கு ஆளாவதைத் தடுக்க வேண்டும் என்ற அவருடைய நோக்கம் நியாயமானது. அவரும் அச்சமூகப் பின்னணி கொண்ட ஒரு தாயின் மகளே. ஆனால், கொடுமையை ஒழிக்கப் புறப்பட்ட வேகத்தில், அக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த கலைச் செல்வமும் அவமானத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. கோயில் மானியம் போயிற்று. கலியாண வீட்டுக் கச்சேரி நின்றது. மாற்று வழி எதுவும் காட்டப்படவில்லை.

இது இந்துக் கோயில்களைச் சார்ந்த பெண்களுக்கு மாத்திரம் நேர்ந்த விதியன்று. வட இந்தியாவில் தும்ரியும் கசலும் வளர்த்த பாடகியரில் பலர் முஸ்லிம் பெண்கள். அவர்களும் இதே சூறாவளியில் சிக்கினர். 1902இல் இந்தியாவின் முதல் இசைத்தட்டுகளுக்குப் பாடிய கௌஹர் ஜான் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் கசல் அரசி எனப் போற்றப்பட்ட பேகம் அக்தர், 1945இல் திருமணமானதும் கண்ணியம் கருதிப் பாடுவதையே நிறுத்த நேர்ந்தது. சில ஆண்டுகளின் பின்னரே அவர் மீண்டும் பாட வந்தார். சமயம் வேறாயினும் பாட்டும் ஆட்டமும் கற்ற பெண்ணுக்குச் சமூகம் விதித்த தண்டனை ஒன்றாகவே இருந்தது.

1930களில் காட்சி மாறியது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோர் நாட்டியத்துக்கு ஆதரவாகக் குரல் எழுப்பினர். சென்னை மியூசிக் அகாடமி மேடை தந்தது. பாலசரஸ்வதி அங்கு ஆடினார். 1934இல் கல்கத்தா வரை சென்று, தென்னகத்துக்கு வெளியே இக்கலையைக் கொண்டுசென்ற முன்னோடியானார். உலகப் புகழ் பெற்ற உதயசங்கர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்தார். 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. உயர்குலப் பெண்கள் அதனைப் பயிலத் தொடங்கினர்.

கலை பிழைத்தது. அந்த வகையில் ருக்மிணி தேவியின் பணி மகத்தானது. எனினும் கலை எந்த வாசல் வழியாக உள்ளே அழைக்கப்பட்டதோ, அதே வாசல் வழியாக அதன் பழைய உரிமையாளர்கள் வெளியே அனுப்பப்பட்டனர். சிருங்காரம் என்னும் காதற்சுவை தூய்மைக்குப் பொருந்தாது என்று கருதிய புதியவர்கள் பல பதங்களைக் கைவிட்டனர். பாலசரஸ்வதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே பக்தியின் உச்சம் என்பது அவருடைய அசைக்க முடியாத நிலைப்பாடு. அதனைக் களைந்து தூய்மைப்படுத்த முனைவோர், தூய்மையாகவே இருந்த ஒன்றை அழுக்கென்று பழிக்கின்றனர் என்று அவர் கருதினார். 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், நாட்டியக் கச்சேரியின் அமைப்பைக் கோபுரம் தொடங்கிக் கருவறை வரை செல்லும் கோயில் வழிபாட்டோடு ஒப்பிட்டு அவர் விளக்கினார். கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்ட பரம்பரையின் மகள், தன் நாட்டியத்தையே கோயிலாகக் கட்டிக் காட்டினார்.

1940கள் அவருக்குச் சோதனைக் காலம். 1941இல் ஆசான் கந்தப்பா பிள்ளை காலமானார். உடல் நலம் குன்றியது. அழைப்புகள் அருகின. 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பதவியேற்ற ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான் அவருடைய வாழ்க்கைத் துணைவர். நாட்டின் கருவூலமே அவர் கையில் இருந்தும், பாலசரஸ்வதிக்குச் சமூகத்தில் மனைவி என்ற இடம் இருக்கவில்லை. அவர் பொட்டுக்கட்டப்பட்டவரும் அல்லர். பிறந்த குலத்தின் பெயரே போதுமானதாக இருந்தது.

இந்நிலையில் அறிஞர் வே. இராகவன் போன்றோரின் முயற்சியால் மியூசிக் அகாடமியின் ஆதரவுடன் 1950களின் தொடக்கத்தில் அவர் நாட்டியப் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். 1955இல் சங்கீத நாடக அகாடமி விருதும் 1957இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1961இல் டோக்கியோவில் நடைபெற்ற கீழை மேலை இசை மாநாட்டில் ஆடினார். அடுத்த ஆண்டு அமெரிக்கா அழைத்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெர்க்சயர் மலைப்பகுதியில் ஜேக்கப்ஸ் பில்லோ என்றோர் இடம் உண்டு. பெயருக்குப் பொருள் யாக்கோபின் தலையணை என்பதாகும். முஸ்லிம்கள் யஃகூப் நபி எனப் போற்றும் அதே பெரியார், கல்லைத் தலையணையாக வைத்துத் துயின்றதாக விவிலியம் கூறும் நிகழ்வை அப்பெயர் நினைவூட்டுகிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய கறுப்பின மக்களுக்கு ஒரு காலத்தில் அப்பண்ணை புகலிடமாக இருந்ததெனச் சொல்லப்படுகிறது. நடனக் கலைஞர் டெட் ஷோன் 1931இல் அதனை வாங்கினார். 1920களில் தம் குழுவினருடன் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தவர் அவர். 1942இல் அங்கு நடனத்துக்கென்றே ஓர் அரங்கு எழுந்தது. கோடைதோறும் அங்கு நடைபெறும் விழா உலகப் புகழ் பெற்றது.

1962ஆம் ஆண்டுக் கோடையில் அம்மேடையில் பாலசரஸ்வதி ஆடினார். பிரமாண்டமான காட்சியமைப்பு எதுவுமில்லை. தாயார் பாடிப் பழக்கிய பதங்கள், தாளக்கட்டு, ஒற்றைப் பெண்ணின் முகமும் கைகளும் மட்டுமே இருந்தன. மொழி புரியாத சபையோர் மெய்மறந்தனர். அங்கு எவரும் அவருடைய குலத்தை விசாரிக்கவில்லை. 1963இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ விழாவிலும் அதே வெற்றி தொடர்ந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாவிலும் மாணவருக்குக் கற்பித்தார். தம்பியர் இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தென்னக இசையைப் போதித்தனர்.

ஆனால் அந்த அமெரிக்கா தன் சொந்த மக்களை எவ்வாறு நடத்தியது? கறுப்பினத்தவரின் உடல் பாலே நடனத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அங்கு வேரூன்றியிருந்தது. ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பின இளைஞர் 1955இல் நியூயோர்க் நகர பாலே குழுவில் இணைந்தார். வெள்ளையினப் பெண்ணுடன் அவர் ஜோடியாக ஆடியபோது எதிர்ப்புக் கிளம்பியது. அவர் தளரவில்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட துயரத்தில், தம் மக்களுக்காக ஏதேனும் செய்ய வேண்டுமென உறுதி பூண்டார். 1969இல் ஹார்லம் நடனக் குழுவையும் பள்ளியையும் நிறுவினார். 1970இல் அக்குழு ஆடிய ஆரம்ப மேடைகளுள் ஒன்று, பாலசரஸ்வதி ஆடிய அதே ஜேக்கப்ஸ் பில்லோ மேடையாகும்.

தூரத்து மலையொன்று இரு தரப்பினருக்கும் இடமளித்தது. எனினும் அந்நியர் வீட்டில் கிடைக்கும் மரியாதை, சொந்த வீட்டில் இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடாகாது. இதனை மிட்செலும் அறிந்திருந்தார், பாலசரஸ்வதியும் அறிந்திருந்தார். இருவரும் ஊர் திரும்பிப் பள்ளி நடத்தியமை அதனாற்றான்.

தாயகத்தின் உயர்ந்த அங்கீகாரம் தாமதித்தே வந்தது. 1973இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. இசைக்குரிய அவ்விருதைப் பெற்ற ஒரே நாட்டியக் கலைஞர் அவரே. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். சிறுவயதில் கல்கத்தாவில் அவருடைய ஆட்டத்தைக் கண்டவர் ராய். படம் எடுக்கப்பட்டபோது பாலசரஸ்வதி ஐம்பது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகளாகிவிட்டன. இளமைக் கால ஆட்டம் படச்சுருளில் பதிவாகாமலே காற்றில் கரைந்துவிட்டது. 1977இல் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. 1984 பெப்ரவரி 9ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார். மகள் லட்சுமி அவ்வழியைத் தொடர்ந்தார்.

இவ்வரலாறு சென்னையோடும் அமெரிக்காவோடும் முடிந்துவிடும் ஒன்றல்ல. ஹப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் வீதிகள் பிரியும் பெரகலையில் நின்று சுற்றிலும் நோக்கினால், தோட்டங்களின் லயங்களில் இதே கதையின் மறுபதிப்பைக் காணலாம். ஒரு காலத்தில் விடியலுக்கு முன் பெரட்டுக்கு ஆள் அழைத்தது தப்பொலி. மாசி மாதத்துக் காமன் கூத்தும் திருவிழாவும் சாவு வீடும் தப்பின்றி நடந்ததில்லை. ஆயினும் தப்படித்தவர் எந்த வாசலில் நிறுத்தப்பட்டார் என்பதை மலையகம் நன்கறியும். கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் களிகம்பு ஆடிய அண்ணாவிமாரும், றபான் இசைத்துப் பாடிய பக்கீர்மாரும் நாம் முழுமையாக மதித்துப் பேணியவர்கள் என்று சொல்ல முடியுமா?

இன்று தப்பும் காமன் கூத்தும் நகர மண்டபங்களிலும் கல்விக்கூட விழாக்களிலும் மலையக அடையாளமாக மேடையேறுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. அதே வேளை, அம்மேடையில் பொன்னாடை யாருக்குப் போர்த்தப்படுகிறது? தாளத்தையும் பாட்டையும் மனனமாய்க் காத்து வந்த லயத்து முதியவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை உண்டா? அவருடைய பேரப்பிள்ளை அக்கலையைப் பெருமையோடு கற்கிறதா, அன்றி அதனை மறைக்க முயல்கிறதா?

பாலசரஸ்வதிக்கு நேர்ந்தது போல ஐம்பது வயதுக்குப் பின் படம் பிடிப்பதும், அறுபதை அண்டியபோது விருது கொடுப்பதும் பரிகாரமாகா. கலையைக் கொண்டாடும் நாளிலேயே கலைஞரையும் பெயர் சொல்லி அழைத்து, சமமாக அமர்த்தி, உரிய ஊதியம் வழங்க வேண்டும். அதற்கு வெளிநாட்டு மேடை எதுவும் தேவையில்லை. தோட்டத்துப் பாடசாலை மண்டபமே போதுமானது.