மிச்சச் சாமான்களில் எழுந்த கப்பற்படைத் தளம்

பசிபிக் கடலில் அமெரிக்கக் கப்பற்படையை நடத்தி, ஜப்பானை வென்றவர் செஸ்டர் நிமிட்ஸ். அவரது வெற்றியை உலகம் அறியும். இரண்டு உலகப்போர்களுக்கும் நடுவே, ஓசையின்றி அவர் செய்த வேலைகள்தான் அந்த வெற்றிக்கு அடிப்படை.

தந்தை முகம் அறியாதவர்

நிமிட்ஸ், டெக்சாஸ் மாநிலத்தில் 1885-ம் ஆண்டு பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். ஏழைக் குடும்பம். ஓட்டலில் வேலை செய்துகொண்டே படித்தார்.

தரைப்படைக் கல்லூரியில் சேர விரும்பினார். இடம் கிடைக்கவில்லை. எனவே, கப்பற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1905-ல், 114 மாணவர்களில் 7-வதாகத் தேறினார்.

1908-ல் பிலிப்பைன்ஸ் அருகே, அவர் பொறுப்பில் இருந்த கப்பல் தரைதட்டியது. ராணுவ கோர்ட்டு அவரைக் கண்டித்தது. ஆனால் வேலை போகவில்லை. பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை பார்த்து, அதில் தேர்ந்தார்.

முத்துத் துறைமுகம்

முதல் உலகப்போர் 1918-ல் முடிந்தது. கப்பற்படைக்குப் பணம் குறைந்தது. அந்த நிலையில், ஹவாய் தீவுகளில் உள்ள முத்துத் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தளம் அமைக்கும் பொறுப்பு 1920-ல் அவரிடம் வந்தது.

புதிய சாமான்கள் வாங்க வழி இல்லை. போர் முடிந்தபின் கப்பல் கட்டும் துறைகளில் மிஞ்சிக் கிடந்த சாமான்களைத் திரட்டினார். அவற்றை வைத்தே தளத்தை உருவாக்கினார்!

ஒப்பந்தமும் புதிய அணிவகுப்பும்

பெரிய போர்க்கப்பல்களுக்கு அளவு விதித்து, 1922-ல் வாஷிங்டனில் வல்லரசுகள் ஒப்பந்தம் செய்தன. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5 பங்கு. ஜப்பானுக்கு 3 பங்கு. இஷ்டம்போல் கப்பல் கட்ட முடியாது. இருக்கும் கப்பல்களைத் திறமையாக நடத்த வேண்டும்.

முக்கியமான கப்பல் நடுவில். காவல் கப்பல்கள் சுற்றிலும் வட்டமாக. இந்த அணிவகுப்பை நிமிட்ஸ் கடலில் நடத்திப் பார்த்தார். பின்னாளில் விமானந்தாங்கிக் கப்பல்களைக் காத்தது இந்த முறைதான்.

கப்பல் இருந்தால் போதுமா? ஆட்கள் வேண்டாமா? 1926-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கப்பற்படைப் பயிற்சி தொடங்கினார். 1939-ல், கப்பற்படைக்கு ஆள் சேர்த்து, பயிற்சி தந்து, பதவி வழங்கும் இலாகாவின் தலைவர் ஆனார்.

தப்பிய தளம்

1941 டிசம்பர் 7. ஜப்பானிய விமானங்கள் முத்துத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 2,400 பேருக்கு மேல் மாண்டனர். 8 பெரிய போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டன.

ஆனால் நீர்மூழ்கித் தளம் தப்பியது!

பசிபிக் கப்பற்படையின் தலைமைப் பதவி நிமிட்சைத் தேடி வந்தது. டிசம்பர் 31-ந் தேதி அவர் பதவி ஏற்றார். எங்கே தெரியுமா? அதே தளத்தில் நின்ற ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தட்டில்!

அதன்பின் அமெரிக்க நீர்மூழ்கிகள் கடல் எங்கும் வேட்டையாடின. போரில் ஜப்பான் இழந்த சரக்குக் கப்பல்களில் பாதிக்கு மேல் அவற்றால் மூழ்கியவை. எண்ணெயும் உணவும் வராமல் ஜப்பான் தவித்தது.

1945 செப்டம்பர் 2-ந் தேதி ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில், அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் நிமிட்ஸ். 1966-ல் அவர் காலமானார்.

கையில் பணம் இல்லாத சமாதான காலத்தில், மிச்சச் சாமான்களைக் கொண்டு அவர் அமைத்த தளம், நாட்டுக்கு ஆபத்து வந்தபோது கைகொடுத்தது.