பகலில் ஆலை வேலை, இரவில் கிதார்
ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரி

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு தொழிலாளி இருந்தார். காலை 7 மணிக்கு ஆலைக்குள் நுழைவார். பிற்பகல் 3 மணிக்கு வெளியே வருவார். இரவு 9 மணிக்குக் கிதாரும் கையுமாக ஒரு மதுக்கூடத்தின் மேடையில் ஏறுவார். பின்னிரவு 2 மணிக்கு அங்கே வாசிப்பு முடியும். அங்கிருந்து நேராக இன்னொரு விடுதிக்குப் போய், விடியற்காலை 5 மணி வரை வாசிப்பார். மறுபடி 7 மணிக்கு ஆலை. பெரிய குடும்பம், ஒரு சம்பளம் போதவில்லை.

இப்படி ஆண்டுக் கணக்கில் இரட்டை வேலை பார்த்த அந்த மனிதர்தான் வெஸ் மாண்ட்கோமரி. ஜாஸ் இசையில் கிதார் என்றால் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் பெயர் அது. அவருடைய கையில் கடைசிவரை இருந்த கிப்சன் எல்-5 என்ற கிதாரை, உலகின் மிக உயர்ந்த கிதார்களில் ஒன்று என்று இசைக் கலைஞர்கள் மதிக்கிறார்கள். அந்தக் கிதார் அவருக்குப் புகழ் தந்ததா, அவர் அதற்குப் புகழ் தந்தாரா என்பது அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும்.

அண்ணன் வாங்கித் தந்த கிதார்

1923-ஆம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி இண்டியானாபொலிஸில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் வெஸ் பிறந்தார். இயற்பெயர் ஜான் லெஸ்லி மாண்ட்கோமரி. லெஸ்லி என்பதைச் சுருக்கி வெஸ் என்று அழைத்தார்கள். பெற்றோர் பிரிந்தபின் சிறுவர்கள் தந்தையுடன் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வளர்ந்தார்கள்.

மூத்தவரான மங்க் படிப்பை நிறுத்திவிட்டு, நிலக்கரியும் பனிக்கட்டியும் விற்கும் வேலைக்குப் போனார். அந்தச் சம்பாத்தியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1935-ல் ஓர் அடகுக் கடையிலிருந்து தம்பிக்கு நான்கு தந்திக் கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். வெஸ்ஸுக்கு அப்போது வயது 12. ஒரு குடும்பத்தின் இசை வரலாறு அந்த அடகுக் கடையில் தொடங்கியது எனலாம். பின்னாளில் மங்க் பாஸ் வாத்தியக் கலைஞரானார். இளையவர் படி பியானோவிலும் வைப்ரபோனிலும் பெயர் எடுத்தார்.

ஓர் இசைத்தட்டு செய்த மாற்றம்

1943-ல் வெஸ்ஸுக்கு வெல்டர் வேலை கிடைத்தது. அதே காலத்தில் திருமணமும் ஆயிற்று. மனைவியோடு ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போனபோது, சார்லி கிறிஸ்டியன் வாசித்த இசைத்தட்டைக் கேட்டார்.

சார்லி கிறிஸ்டியன் யார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதுவரை ஜாஸ் குழுக்களில் கிதார் பின்னணியில் தாளம் போடும் வாத்தியமாகவே பெரும்பாலும் இருந்தது. எக்காளங்களும் சாக்ஸபோன்களும் முழங்கும்போது கிதாரின் சன்னமான ஒலி காதில் விழாது. 1936-ல் கிப்சன் கம்பெனி, மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் கிதார் ஒன்றை வெளியிட்டது. அதைக் கையில் எடுத்த கிறிஸ்டியன், 1939-ல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, சாக்ஸபோனுக்குச் சமமாகக் கிதாரைத் தனியாகப் பேச வைத்தார். காசநோய் அவரை 1942-ல் கொண்டுபோயிற்று. வயது 25 தான்.

இறந்துபோன அந்த இளைஞரின் இசைத்தட்டு வெஸ்ஸை ஆட்டிவைத்தது. ஆறு தந்திக் கிதார் ஒன்றை வாங்கினார். ஆசிரியர் இல்லை. இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. கடைசிவரை தெரியாமலே இருந்தார். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்து, ஏறக்குறைய ஓராண்டில் கிறிஸ்டியன் வாசித்தவற்றை மனப்பாடமாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

கட்டை விரல் வந்த கதை

வேலைக்குப் போகிறவர் சாதகம் செய்யக் கிடைப்பது இரவு நேரம்தான். சிறு தகடு ஒன்றை விரல்களில் பிடித்துக் கிதார்த் தந்தியை மீட்டுவது வழக்கம். அதில் ஓசை கணீரென்று எழும். ஒலிபெருக்கியும் சேர்ந்தால் வீட்டில் தூங்குவோர் நிலை என்ன ஆகும்? வீட்டாரும் அண்டை அயலாரும் முகம் சுளித்தார்கள். வெஸ் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, வலக் கையின் கட்டை விரல் சதையால் தந்தியை வருடத் தொடங்கினார்.

ஒலி அடங்கியது, கூடவே அதன் குணமும் மாறியது. உலோகத்தின் கூர்மை போய், பழுத்த குரல் போன்ற கனிவு வந்தது. பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடே அவருடைய முத்திரையாகிவிட்டது.

இன்னொரு முத்திரையும் உண்டு. ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒருசேர ஒலிக்கவிட்டு, அந்த ஜோடியாகவே முழு மெட்டையும் கற்பனையையும் ஓட்டுவார். இடையிலுள்ள தந்தி ஒலிக்காமல் இடக் கை விரலால் அடக்க வேண்டும். மெதுவாகச் செய்வதே சிரமம். அவர் ஓட்டமாகச் செய்தார். அவருக்குப் பிறகு வந்த ஜாஸ் கிதார் கலைஞர்களில் இந்த முறையைப் பயிலாதவர் அரிது.

ஊர் திரும்பினார்

1948-ல் புகழ்பெற்ற லயனல் ஹாம்ப்டன் குழுவில் இடம் கிடைத்தது. ஊர் ஊராகச் சுற்றும் குழு. வெஸ்ஸுக்கு விமானம் என்றால் பயம். மற்றவர்கள் பறந்து போன ஊர்களுக்கும் தாமே கார் ஓட்டிக்கொண்டு போய்ச் சேருவார். இரண்டு ஆண்டுகள் பார்த்தார். மனைவி மக்களைப் பிரிந்திருக்க முடியாமல் 1950-ல் இண்டியானாபொலிஸுக்கே திரும்பிவிட்டார்.

பகலில் ஆலை, இரவில் கிதார் என்ற வாழ்க்கை அதன் பிறகுதான் முழு வேகத்தில் தொடங்கியது. வெளியூர்க் கலைஞர்கள் அந்த நகருக்கு வந்தால், இரவில் அவர் வாசிப்பதைக் கேட்காமல் போக மாட்டார்கள். ஆனால் அவர் பெயரில் ஓர் இசைத்தட்டு வரவில்லை. வயதோ முப்பதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

1959-ல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி, மிஸைல் ரூம் என்ற விடுதியில் வெஸ் வாசித்ததைக் கேட்டார். தாம் இசைத்தட்டு தரும் ரிவர்சைடு கம்பெனியின் ஆரின் கீப்நியூஸுக்கு உடனே தகவல் சொன்னார். கீப்நியூஸ் நேரிலேயே இண்டியானாபொலிஸுக்கு வந்து கேட்டுவிட்டு, ஒப்பந்தம் செய்துகொண்டார். வெஸ்ஸுக்கு அப்போது வயது 36. அந்த அக்டோபரில் நியூயார்க்கில் முதல் தட்டு பதிவாயிற்று. 1960 ஜனவரியில் பதிவான அடுத்த தட்டு அவர் பெயரை ஜாஸ் உலகம் முழுவதும் கொண்டுசென்றது. அதே ஆண்டில் டவுன் பீட் பத்திரிகையின் விமர்சகர்கள் அவரைச் சிறந்த கிதார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எல்-5 என்ற கிதார்

அறுபதுகளில் வெஸ்ஸின் கையில் நிலைத்த வாத்தியம் கிப்சன் எல்-5 சி.இ.எஸ். சாதாரணக் கிதாரின் மேல் பலகை தட்டையாக இருக்கும். இதன் மேல் பலகையோ வயலினைப் போல நடுவில் மேடிட்டு, ஓரங்களில் சரிந்திருக்கும். நடுவே வட்டத் துளை கிடையாது. வயலினில் உள்ளது போல வளைந்த இரண்டு பிளவுகள் உண்டு. மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில், லாயிட் லோர் என்பவருடைய மேற்பார்வையில் 1922-ல் எல்-5 உருவாயிற்று. பெரிய குழுவின் முழக்கத்திலும் கிதார் ஒலி எடுபட வேண்டும் என்ற தேவை இந்த வகைக் கிதாரை வளர்த்தது. அதில் மின்சார ஒலிவாங்கிகளைப் பதித்து 1951-ல் வந்ததுதான் எல்-5 சி.இ.எஸ்.

விலை ஏன் அதிகம்? மலிவான வகைகளில் ஒட்டுப் பலகையை அச்சில் அழுத்தி வளைத்துவிடுவார்கள். எல்-5-இல் கனமான ஸ்புரூஸ் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி மேல் பலகையை வளைவாக்க வேண்டும். முதுகுப் பலகைக்கு மேப்பிள் மரம். எந்த இடத்தில் எவ்வளவு கனம் விடுவது என்பதில்தான் நாதம் இருக்கிறது. ஒரு செதுக்கல் கூடினாலும் பலகை பாழ். நல்ல மரமும் தேர்ந்த கையும் செலவான நேரமும் சேர்ந்ததே அந்த விலை.

இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கிய பலகையில் ஒலிவாங்கிக்காகப் பள்ளம் வெட்டுவது ஒருவகையில் நஷ்டமே. வழக்கமாக இரண்டு ஒலிவாங்கிகள் இருக்கும். கிப்சன் கம்பெனி வெஸ்ஸுக்கென்று தனியாகச் செய்து கொடுத்த கிதார்களில் கழுத்துப் பக்கம் ஒன்று மட்டுமே வைத்தார்கள். கனிந்த ஒலி பிறக்கும் இடம் அது. வேண்டாததை விலக்கிவிட்டார்கள். அவற்றுள் ஒன்றின் உடலில் இதய வடிவப் பதிப்பு ஒன்றும் இருந்தது. தடித்த, வழவழப்பான தந்திகளையே அவர் கட்டுவார்.

பணமும் பழியும்

1964-ல் ரிவர்சைடு கம்பெனி நொடித்துப்போனது. வெஸ் வெர்வ் கம்பெனிக்கும், 1967-ல் ஏ அண்டு எம் கம்பெனிக்கும் மாறினார். தயாரிப்பாளர் கிரீட் டெய்லர் அவரைப் பெரிய வாத்தியக் குழுவோடு, அன்றைய சினிமா, வானொலிப் பாடல்களைச் சுருக்கமாக வாசிக்க வைத்தார். தட்டுகள் ஏராளமாக விற்றன. 1967-ல் கிராமி பரிசும் வந்தது.

ஜாஸ் விமர்சகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. கலையைக் காசுக்கு விற்றுவிட்டார் என்று எழுதினார்கள். இருபது ஆண்டுகள் தூக்கத்தை விற்றுக் குடும்பம் நடத்தியவரிடம் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வது எளிது. ஆனால் 1965-ல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் விடுதியில் விண்டன் கெல்லி குழுவோடு வாசித்துப் பதிவான தட்டைக் கேட்பவர்கள், அவரது கற்பனை துளியும் வற்றவில்லை என்று அறிவார்கள். மேடையில் அவர் பழைய வெஸ்ஸாகவே இருந்தார்.

வசதி வந்தது, அதை அனுபவிக்கக் காலம் வரவில்லை. 1968 ஜூன் 15-ந் தேதி இண்டியானாபொலிஸில் தம் வீட்டிலேயே மாரடைப்பால் காலமானார். வயது 45. முதல் தட்டுக்கும் முடிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை.

வாங்க முடியாத பொருள்

அவர் பெயரில் இண்டியானாபொலிஸில் ஒரு பூங்கா இருக்கிறது. கலமசூ தொழிற்சாலையைக் கிப்சன் 1984-ல் மூடிவிட்டது. 1993-ல் வெஸ் மாண்ட்கோமரி பெயரிலேயே, ஒற்றை ஒலிவாங்கியுடன் எல்-5 கிதாரை அந்தக் கம்பெனி வெளியிட்டது. பெரும் பணம் கொடுத்து அதை வாங்குவோர் உண்டு. சிலர் அதைப் பெட்டியிலேயே பூட்டி, பொன்போலக் காக்கிறார்கள். அந்த மரத்தின் அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் அந்த மரியாதை தகும்தான்.

ஆனால் வாங்கிய கிதாரில் வெஸ்ஸின் நாதம் தானாக வந்துவிடாது. அது மேப்பிள் மரத்தில் இல்லை. ஆலையிலிருந்து வந்து, வீட்டார் தூங்கும் நேரத்தில், அவர்கள் விழித்துவிடாதபடி கட்டை விரலால் வருடிய அந்த இரவுகளில் இருந்தது. அடகுக் கடைக் கிதாரில் தொடங்கியவர் எல்-5-க்கு வந்துசேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. வந்துசேர்ந்தபோது, அதற்குத் தகுந்த கை அவரிடம் தயாராக இருந்தது.